முக்காலி மேல் என் தட்டு

வேண்டாங்க தம்பி, பாட்டிலை நீங்களே வச்சுக்கங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு என் டம்ளர் இருக்கு, என் தண்ணி இருக்கு. வெளியூர் கிளம்பினால் என் பையில் முதலில் ஏறுவது இந்த ரெண்டும் ஒரு தட்டும்தான். அப்புறம்தான் வேட்டி சட்டை எல்லாம். சின்ன வயசிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

எந்த ஊர்னு சொன்னீங்க? அன்னூர் பக்கமா? அன்னூரில் எங்கே? ஊருக்குள்ளேயா, இல்லை ரோட்டுக்கு அந்தப் பக்கமா? அப்பா என்ன பண்றாருங்க?

சரி, சரி. சொல்ல வேண்டாம்னா விடுங்க. சும்மா பேச்சுக்குக் கேட்டேன். நான் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

சென்னைக்கு எதுக்குன்னு கேட்டீங்க இல்லையா? ஏர்போர்ட்டுக்குப் போறேன். எத்தியோப்பியாவிலிருந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்களைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டு வரணும். எங்க பம்புக் கம்பெனியைப் பார்க்க வர்றாங்க. எங்க கம்பெனின்னா, என் சம்சாரத்தோட அண்ணன், என் மச்சான் குழந்தைவேலு நடத்துற கம்பெனி. நியாயமாப் பார்த்தா அந்த அம்மா வந்து இறங்கும்போது கம்பெனி வாசலில் மாலையோடு நிற்க வேண்டியவன் நான். இப்போ அங்கே நிற்கப்போறது யார் தெரியுங்களா? மதிவாணன். எனக்குக் கீழே இருந்த பையன். நான் சொன்னால் உட்காருவான், நான் சொன்னால் எழுந்திருப்பான். அவன் மாலையோடு நிற்கிறான். நான் பெட்டி தூக்கப் போறேன்.

எல்லாம் ஒரு வேளைச் சோற்றில் போனது தம்பி. ஒரே ஒரு வேளை.

போன வருஷம் எங்க பம்பு வியாபாரம் படுத்துவிட்டது. இங்கே யாரும் வாங்கவில்லை. இரும்பு உருக்கும் உலையில் நெருப்பு ஒரு நாள் எரிந்தால் மூணு நாள் சும்மா கிடந்தது. அப்போதான் அடிஸ் அபாபாவிலிருந்து இந்த அம்மா எழுதினார். பேரு ஜெனெட். அறுபது வயசு இருக்கும். அங்கே விவசாயிகளுக்கு பம்பு வாங்கி விற்கிறவர். நம்ம பம்பு அவங்க மண்ணில், அவங்க கிணற்றில் ஓடினால் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார். மச்சான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, இதை மட்டும் புடிச்சுட்டு வந்துருங்க. வெளிநாட்டு யாவாரம் பூரா உங்க கையில குடுத்தர்றேன். கம்பெனி வாசல் போர்டுல என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரு. ஆர்டர் வல்லீன்னு வைங்க, உலையை அணைச்சுட்டு ரெண்டு பேருமே கெளம்ப வேண்டீதுதான்."

உங்களுக்குத் தெரியாது தம்பி, மச்சான் கம்பெனியில் இருக்கிறது எப்படின்னு. கல்யாணத்துக்குப் போனால் எவனாவது கேட்பான், "என்னங்க ஈஸ்வரமூர்த்தி, இன்னும் மச்சாங்கூடத்தானா?" அப்படியே சிரிச்சுக்கிட்டுக் கேட்பான். பந்தியில் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பான், ஆனால் கேட்பான். அந்த ஒரு போர்டுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

மோட்டார் கோளாறு வந்தால் பார்க்கணுமே, அதுக்காக மதிவாணனையும் அனுப்பினார்கள். இன்ஜினியர். வேலையில் குறை சொல்ல மாட்டேன். பம்பு மேலே கையை வைத்தே பேரிங் சரியில்லைன்னு சொல்லிவிடுவான். அமைதியான பையன். அவன் ஊர் எதுன்னு முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுத்தது இல்லை. ஆபீஸில் எல்லோருக்கும் டீ வரும். எவர்சில்வர் டம்ளர்கள் ஒரே தட்டில் வரும். அவன் மட்டும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருப்பான். டீ கொண்டுவரும் சரசக்கா அதில் ஊற்றிவிட்டுப் போகும். யாரும் சொல்லவில்லை பாருங்க. அவனாகத்தான் வைத்தான். அப்படி ஒரு ஒழுக்கம் அப்போ இருந்தது.

அடிஸ் அபாபா நல்ல ஊர்ங்க. ஊட்டி மாதிரிக் குளிர். ஓட்டல் ரூமில் வெந்நீர் கெட்டில் இருந்தது, நான் கொண்டுபோன உப்புமா மாவும் புளிக்காய்ச்சலும் இருந்தது. என் பாடு கவலையில்லை. மதிவாணன் தினமும் வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தான். "சார், நம்ம ஆப்பம் மாதிரி ஒண்ணு, ஆனா புளிக்குது. தொட்டுக்கப் பருப்பு. நல்லா இருக்குங்க சார், வாங்களேன்," என்றான். நான் கதவைச் சாத்திவிட்டு உப்புமா கிளறினேன்.

பம்பு என்ன ஆச்சுன்னா, அருமையாக ஓடியது. அங்கே ஒரு தக்காளித் தோட்டத்தில் இறக்கினோம். தண்ணீர் வந்து விழுந்த வேகத்தில் தோட்டக்காரர்கள் கை தட்டினார்கள். ஜெனெட் அம்மா மோட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: "நாளைக்குக் கையெழுத்துப் போடலாம். இன்னைக்குச் சாயங்காலம் என்கூட சாப்பிடணும். சேர்ந்து சாப்பிடாதவங்களோட நான் வியாபாரம் செய்யறதில்லை."

 ஒரு பக்கம் வாசல் போர்டு, இன்னொரு பக்கம் அந்தம்மா சாப்பாடு. ரூமுக்குப் போய் யோசித்தேன். சைவம்னு சொல்லிடலாம். வெளிநாட்டில் அதுதானே நமக்குத் தாயத்து. நான் சைவமெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எனக்கு விடியாது. ஆனால் சொன்னால் யார் பார்க்கப்போறாங்க? சைவம்னு சொன்னால் ரெண்டு பழத்தைக் கொடுத்து விட்டுவிடுவார்கள். அதையும் மீறிப் போனால் என்ன செய்வதுன்னு, எதுக்கும் இருக்கட்டும்னு, தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஈரோடு வந்தாச்சா? இல்லையா? சரி.

அந்தம்மா கூட்டிப்போன ஓட்டலில் மேஜையே இல்லை தம்பி. பிரம்பில் முடைந்த பெரிய கூடை மாதிரி ஒன்று நடுவில், சுற்றிக் குட்டை முக்காலிகள். ஒரு பெண் கூஜாவோடு வந்து எங்கள் கையில் தண்ணீர் ஊற்றினாள். அடடா, கையாலதான் சாப்பிடுவார்கள் போல, நம்ம ஆளுங்கதான்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு தாம்பாளம் வந்தது. கல்யாணச் சீர்த் தாம்பாளம் அளவு. அது நிறைய அந்த ஆப்பத்தை விரித்து, மேலே பருப்பு, கீரை, கொண்டைக்கடலைக் குழம்பு, பீட்ரூட், ஒவ்வொன்றும் ஒரு குவியல். கூடைமேல் வைத்தார்கள்.

நான் தட்டு வரும்னு காத்திருந்தேன். வரவில்லை. மூணு பேருக்கும் அந்த ஒரே தாம்பாளம்.

"மேடம், நான் வெஜிடேரியன்," என்றேன்.

ஜெனெட் அம்மா கலகலன்னு சிரித்தார். "தெரியும். இன்னைக்குப் புதன்கிழமை. எங்களுக்கு விரத நாள். இதுல இறைச்சி இல்லை, முட்டை இல்லை, ஒரு சொட்டு நெய்கூட இல்லை. உங்களுக்காகத்தான் இந்த நாளைப் பார்த்தேன்."

போச்சா? தாயத்து போச்சு.

"கொஞ்சம் வயிறு சரியில்லைங்க மேடம்."

"அப்போ இந்தக் கடலைக் குழம்பு சாப்பிடுங்க. எங்க ஊர்ல உடம்பு சரியில்லாதவங்களுக்கு இதுதான் கொடுப்போம்."

மதிவாணன் குனிந்த தலை நிமிராமல் இருந்தான். அந்தம்மா அவனைப் பார்த்து, "சாப்பிடுப்பா," என்றார். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் ஆப்பத்தில் ஒரு துண்டு பிய்த்தான். என் எதிர்ப்புறம், ஆக ஓரத்தில். பருப்பைத் தொட்டுக்கொண்டு வாயில் போட்டான்.

அப்புறம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் தம்பி. கை வாய்க்குப் போகுது, திரும்பத் தாம்பாளத்துக்கு வருது. மறுபடி வாய்க்குப் போகுது, மறுபடி வருது. குழம்பு மெல்ல ஊறி என் பக்கமாக வருது. எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில். நான் என் பக்கத்து ஓரத்தில் காய்ந்த இடமாகப் பார்த்து ஒரு விரல் அளவு பிய்த்தேன். என் கை போன அடுத்த நொடி அவன் தன் கையை இழுத்துக்கொண்டான். அதுக்கப்புறம் பாதித் தாம்பாளத்தைத் தாண்டி அவன் கை வரவே இல்லை. கீரை என் பக்கம் இருந்தது. கடைசிவரை அவன் கீரையைத் தொடவில்லை. எங்கே தொடணும், எங்கே தொடக்கூடாதுன்னு அவனுக்கே தெரிந்திருந்தது. சொல்லித்தரவேண்டியது இல்லை, அது வளர்ப்பு.

ஜெனெட் அம்மா இதையெல்லாம் பார்த்தாரா பார்க்கவில்லையா தெரியாது. திடீரென்று ஆப்பத்தில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, கீரையும் பருப்பும் வைத்துச் சுருட்டி, எட்டி அவன் வாய்க்கு நேராக நீட்டினார். குர்ஷான்னு அதுக்குப் பேராம். வேண்டியவங்களுக்குத் தன் கையால் ஊட்டுவது அவங்க வழக்கம். அவன் ஒரு நொடி திகைத்தான். அப்புறம் வாயைத் திறந்தான். மென்றுகொண்டே கண்ணைத் துடைத்தான். காரம்னு நினைக்கிறேன்.

பிறகு அவனும் ஒரு உருண்டை சுருட்டி அந்தம்மாவுக்கு ஊட்டினான் பாருங்க! அறுபது வயசுப் பெண்மணி, கோடீஸ்வரி, இவன் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார். சுற்றி இருந்த ஆட்களெல்லாம் சிரித்தார்கள்.

அடுத்தது என் முறை.

கடலைக் குழம்பில் தோய்த்த உருண்டை. அந்தம்மா பாதி எழுந்து கையை நீட்டினார். நான் தலையைப் பின்னால் இழுத்தேன். எங்க அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டதுதான் நினைவுக்கு வந்தது. என் சம்சாரமே கல்யாணத்தன்னைக்குப் பாலும் பழமும் கொடுத்தாளே தவிர ஊட்டினது கிடையாது. "வேண்டாங்க மேடம், டாக்டர் சொல்லியிருக்காரு," என்றேன். அந்தம்மா கையை இறக்கவில்லை. சிரிப்பும் போகவில்லை. குழம்பு விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. பக்கத்துக் கூடையில் சாப்பிட்டவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மதிவாணன் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னான்: "சார், ஒரு வாய் வாங்கிக்கங்க. ஆர்டருங்க சார்."

எனக்குத் தெரியாதா ஆர்டர்னு? போர்டு, உலை, மச்சான், எல்லாமே அந்தக் கையில் தொங்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கை இப்போதானே அவன் வாயிலிருந்து வந்தது. இப்போதானே, என் கண் முன்னாலே.

ஆபத்தில்தான் புத்தி வேலை செய்யும். பையைத் திறந்தேன். என் தட்டை எடுத்தேன். அந்தம்மா கைக்கு நேரே நீட்டினேன்.

தட்டு தாம்பாள விளிம்பில் பட்டு டங்குன்னு ஒரு சத்தம் கேட்டது.  அந்தம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக அந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். "இது என்ன?" என்றார்.

இங்கேதான் தம்பி நான் சமாளித்தேன். எவனாவது வேறு ஆளாக இருந்தால் உளறிக் கெடுத்திருப்பான். அந்தம்மா மனசு நோகக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். தன்னைக் கேவலமாக நினைக்கிறேன்னு நினைத்துவிட்டால்? அதனால் பக்குவமாகச் சொன்னேன். "உங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லைங்க மேடம். உங்க கையில நான் விஷம் வேணும்னாலும் சாப்பிடுவேன். இது எங்க ஊர் வழக்கம். இந்தப் பையன் நல்ல பையன், நல்ல இன்ஜினியர். ஆனா இவங்க ஆளுங்களோட நாங்க ஒரே தட்டுல கை வைக்கிறது இல்லை. இவனுக்கும் அது தெரியும். கேட்டுப் பாருங்க, தப்பாவே எடுத்துக்க மாட்டான்."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

 அந்தம்மா கூஜாப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையைக் கழுவினார். துடைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "எங்க அம்மா பானை செய்யறவங்க," என்றார். "எங்க பக்கம் பானை செய்யறவங்களோட யாரும் உக்காந்து சாப்பிட மாட்டாங்க. அம்மா செஞ்ச பானையில சமைப்பாங்க. அம்மாவுக்கு மட்டும் வேலிக்கு வெளியே உடைஞ்ச ஓட்டுல போடுவாங்க. நான் ஸ்கூல் போற வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டேன்."

அதை எதுக்கு என்கிட்டே சொன்னார்னு இன்னைக்குவரைக்கும் எனக்குப் புரியவில்லை. பம்பு விற்கப் போன இடத்தில் பானைக் கதை. ஆனாலும் மரியாதைக்கு ஏதாவது சொல்லணுமே. "எங்க ஊர்லயும் பானைக்கு நல்ல மதிப்புங்க மேடம். ஃபிரிட்ஜ் தண்ணியைவிட மண்பானைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவோம்," என்றேன். அந்தம்மா தலையை ஆட்டினார்.

அப்புறம் செய்தார் பாருங்க ஒரு மரியாதை! என் தட்டை வாங்கினார். எல்லாவற்றிலும் புதுசாகக் கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே பார்த்துப் பார்த்து வைத்தார். கீரை, பருப்பு, கடலை, ஒன்று விடவில்லை. ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவோரம், செருப்புகள் விட்டிருந்த பக்கம், காற்றோட்டமான இடமாகப் பார்த்துப் போட்டார். அதன்மேல் தட்டை வைத்தார். பக்கத்தில் இன்னொரு முக்காலி எனக்கு. "இங்கே வசதியாச் சாப்பிடுங்க. யார் கையும் படாது," என்றார்.

நானும் போய் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது, புளிப்பு கொஞ்சம் தூக்கல். அவங்க ரெண்டு பேரும் அங்கே தாம்பாளத்தில். மதிவாணன் அப்புறம் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. அந்தம்மா ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், தாம்பாளத்தைத் திருப்பிக் கீரையை அவன் பக்கம் வைத்தார். கடைசியில் காபி வந்தது. அவங்களுக்குச் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணம். எனக்கு, நான் கேட்காமலே, "அவர் டம்ளரை வாங்கி அதுல ஊத்து," என்று சொல்லிவிட்டார். மேலே தூக்கி, டம்ளரில் காபிக் கூஜா படாமல் ஊற்றினாள் அந்தப் பெண். அவ்வளவு கவனிப்பு! ஆர்டர் நம்ம கையில்னு அப்பவே முடிவு செய்துவிட்டேன்.

கார் ஏறினதும் மதிவாணனிடம் சொன்னேன், "தப்பா எடுத்துக்காதே தம்பி. யாவாரத்துக்காகச் சொன்னது. உனக்கே தெரியும், நான் வித்தியாசம் பாக்கிற ஆள் இல்லை."

"தெரியுங்க சார்," என்றான்.

 ரூம் வரைக்கும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அப்பவே எனக்குத் தோன்றியிருக்கணும். அமைதியா இருக்கிறவன் மனசில் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

மறுநாள் கையெழுத்து இல்லை. "யோசிச்சுட்டு எழுதறேன்," என்றுவிட்டார். ஊர் வந்து சேர்ந்தோம். அப்புறம் வந்தது பாருங்க. மச்சான் போன் செய்தார். குரலிலேயே தெரிந்தது.

"மாப்ளே, ஆர்டர் வந்துருச்சு."

"கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி இருக்குங்க மச்சான்!"

"இருங்க. முழுசாக் கேளுங்க. ஆப்பிரிக்கா சம்பந்தமா எது பேசறதுன்னாலும் மதிவாணன்கூட மட்டுந்தான் பேசுவாங்களாம். வேற யார் வந்தாலும் ஆர்டர் இல்லையாம். அங்க போயி என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்களே! அந்தம்மா என்னையத்தான் தனியா உக்கார வெச்சு உபசாரம் பண்ணுச்சு. வேணும்னா அவனைக் கேளுங்க."

"கேட்டேன். 'சார் நல்லாத்தான் சாப்பிட்டாருங்க'ன்னு மட்டும் சொல்றான்."

பார்த்தீங்களா? அதில் எப்படிப்பட்ட நடிப்பு! ஒரு வாய் சோற்றை ஊட்டி, கண்ணில் ரெண்டு சொட்டு விட்டு, அந்தம்மாவை வளைத்துவிட்டான். நான் அவனுக்காக இங்கிலீஷில் நல்ல பையன், நல்ல இன்ஜினியர்னு சிபாரிசு செய்தேனே, அந்த நன்றி எங்கே போச்சு?

இப்போ உலை ராத்திரி பகலாக எரியுது. போர்டில் மச்சான் பேரு மட்டும்தான் இருக்கு. எனக்கு இந்த மாதிரிக் கூட்டிக்கிட்டு வர்றது, கொண்டுபோய் விடுறது. நாளைக்கு மச்சான் வீட்டில் அந்தம்மாவுக்கு விருந்து. வாழையிலை சாப்பாடு. என் சம்சாரம்தான் பரிமாறுகிறாள். வரிசையாக இலை போட்டு அந்தம்மாவுக்கு ஒரு பக்கம் மச்சான், இன்னொரு பக்கம் அவன். ஆமாங்க, வீட்டுக்குள்ளே. எனக்கு அவன் பக்கத்து இலை. மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "உக்காந்து, சிரிச்ச முகமா, முழுசாச் சாப்பிட்டு எந்திரிங்க. இல்லீன்னா திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

அப்படிச் சொல்லிட்டார் தம்பி. சம்சாரத்தோட அண்ணன்.

என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியலை. நேற்று ராத்திரி சம்சாரம் கேட்டாள், "தனி இலைதானுங்க, என்ன இப்போ?" தனி இலைதான். ஆனால் அந்தத் தாம்பாளத்தில் குழம்பு மெல்ல ஊறி வந்ததே, அது கண்ணிலேயே நிற்கிறது. அந்தம்மா மறுபடி ஒரு உருண்டையைச் சுருட்டி எடுத்தால்? இந்தத் தடவை பையைத் திறக்க முடியுமா? என் மச்சான் வீட்டுப் பந்தியில், என் பெண்டாட்டி கண் முன்னால்?

இட்லியா? வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க. உங்க அம்மா கட்டிக் கொடுத்ததா? நல்ல வாசனையாத்தான் இருக்கு. இல்லைங்க, பசிக்கலை.

ஆபீஸா? ஆபீஸ் எல்லாம் மாறிப்போச்சு. மதிவாணன் இப்போ தனி ரூமில் இருக்கிறான். ஜன்னலில் அவன் டம்ளர் இல்லை. எல்லோருக்கும் வருகிற தட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். எது கைக்கு வருதோ அது. குடித்துவிட்டு அதே தட்டில் வைத்துவிடுகிறான். சரசக்கா எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவுது. அடுத்த தடவை அதில் எது எவன் குடிச்சதுன்னு யார் கண்டது?

அதனால் நான் வீட்டிலிருந்து இன்னொரு டம்ளர் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்த ஜன்னல் விளிம்பிலேதான், கவிழ்த்து வைத்திருக்கேன். சரசக்கா வந்து அதில் ஊற்றிவிட்டுப் போகும்.

யாரும் சொல்லலைங்க தம்பி. நானாகத்தான் வைத்தேன்.